கணக்கு பைல் திறக்க மறுத்தால்: காசில்லாமல் மீட்கும் வழிகள்



கூட்டமைப்பு கணக்குகளை இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் வைத்திருக்கிறோம். குழு வாரியாக சேமிப்பு, கடன் நிலுவை, வட்டி, சந்தா எல்லாம் எக்செல் பைலில் இருக்கிறது. தணிக்கைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த பைல் திறக்க மறுத்தால் என்ன செய்வது? "பைல் போச்சு, எல்லாம் போச்சு" என்று கை பிசைந்து நிற்பதும், கடைக்காரர் கேட்கிற தொகையைக் கொடுப்பதும் பல இடங்களில் நடக்கிறது. இரண்டுமே தேவையில்லை. பாழான பைல்களில் பலவற்றை இலவச மென்பொருளைக் கொண்டு நாமே திறந்து பார்க்கலாம்.

"கம்ப்யூட்டர் சங்கதி கணக்காளருக்கு. நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீங்க. பைலைத் திறப்பது கணக்காளர் வேலைதான். திறந்த பைலில் உங்க கடன் நிலுவை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது உங்க வேலை. மீட்ட பைலில் ஒரு வரி குறைந்திருந்தால், கட்டிய தவணையை நீங்க இன்னொரு முறை கட்ட வேண்டி வரும். அதனால் இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கும்படி எழுதியிருக்கிறோம்.

பைல் ஏன் பாழாகிறது?

கம்ப்யூட்டர் ஒரு பைலை சேமிக்கும்போது அதை ஒரே மூச்சில் எழுதிவிடுவதில்லை, துண்டு துண்டாக எழுதுகிறது. எழுதி முடிப்பதற்குள் தடை வந்தால் பைல் அரைகுறையாக நின்றுவிடும். நம்மிடம் அடிக்கடி நடக்கும் காரணங்கள் இவை:

- சேமிக்கும் நேரத்தில் கரண்ட் போவது.
- பைல் திறந்திருக்கும்போதே பென் டிரைவைப் பிடுங்குவது.
- பென் டிரைவில் இடம் நிரம்பிப் போவது, அல்லது அது பழசாகி தேய்ந்து போவது.
- வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வந்த பைல் பாதி இறங்கி நிற்பது.
- பல கம்ப்யூட்டரில் செருகிய பென் டிரைவில் வைரஸ் தொற்றுவது.

இதில் பென் டிரைவ் விஷயம் பெரியது. கணக்கு பைலை பென் டிரைவில் வைத்தே திறந்து வேலை செய்யக் கூடாது. முதலில் கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்து, அங்கே வேலை செய்து, சேமித்து மூடிய பிறகு பென் டிரைவுக்குத் திரும்ப நகல் எடுக்க வேண்டும்.

உண்மையிலேயே பாழா? முதலில் பாருங்க

திறக்காத பைல் எல்லாம் பாழான பைல் இல்லை. கீழே உள்ள நான்கும் பார்வைக்குப் பாழானது மாதிரி இருக்கும், ஆனால் பைல் நன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது, எழுத்துரு. பைல் திறக்கிறது, எண்கள் சரியாக இருக்கின்றன, பெயர்கள் இருக்கும் இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக இருக்கிறது. இது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பைல். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் இப்படித்தான் தெரியும். எழுத்துருவைப் போட்டால் பெயர்கள் வந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி மென்பொருளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் மறுபடி இந்தத் தொல்லை வராது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இரண்டாவது, மறைந்து போன பைல். பென் டிரைவைத் திறந்தால் கணக்கு பைல் காணோம், ஒரு குறுக்குவழிப் படம் மட்டும் இருக்கிறது. இது ஒருவகை வைரஸ் வேலை. பைலை மறைத்துவிட்டு அதன் பெயரில் தன்னை வைத்துக்கொள்ளும். அந்தப் படத்தைக் கிளிக் செய்யக் கூடாது. வைரஸ் தடுப்பு மென்பொருளால் சுத்தம் செய்து, மறைந்த பைல்களைக் காட்டும்படி அமைத்தால் பைல் வெளியே வரும்.

மூன்றாவது, பெயர் ஒன்று, உள்ளே வேறொன்று. இணையத்தில் இருந்து இறக்கும் கணக்கு அறிக்கை சில சமயம் எக்செல் என்ற பெயரில் வரும், உள்ளே இருப்பது வெறும் எழுத்துப் பட்டியலாகவோ இணையப் பக்கமாகவோ இருக்கும். எக்செல் அதைப் பார்த்து, பைலின் வகையும் பெயரும் பொருந்தவில்லை என்று எச்சரிக்கும். அதே பைலை நோட்பேடில் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நான்காவது, தேதி. தேதிக் கட்டத்தில் 45292 என்பது போல ஐந்து இலக்க எண் வந்தால் பயப்படாதீங்க. எக்செல் தேதியை 1900-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இருந்து எண்ணிய நாள் கணக்காக வைத்திருக்கும். 45292 என்றால் 2024 ஜனவரி 1. கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் தேதி வந்துவிடும்.

ஒன்றைத் தனியாகக் கவனியுங்க. பைலின் அளவு 0 என்று காட்டினால் அந்தப் பைலில் மீட்க எதுவும் இல்லை. அப்போது பழைய நகலைத் தேடுவதுதான் வழி.

எதையும் தொடுவதற்கு முன்

1. பாழான பைலை வேறு பெயரில் ஒரு நகல் எடுங்க. எல்லா முயற்சியும் நகலில்தான் நடக்க வேண்டும். மூலப் பைலை அப்படியே விட்டு வையுங்க.

2. பென் டிரைவைச் செருகியதும் "பார்மேட் செய்ய வேண்டும்" என்று கம்ப்யூட்டர் கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லுங்க. அதில் புதிதாக எதையும் எழுதவும் கூடாது.

3. பழைய நகல் எங்கெல்லாம் இருக்கலாம் என்று எழுதிப் பாருங்க. போன மாதம் தணிக்கையாளருக்கு அனுப்பிய மெயில், தலைவியின் போனில் வந்த வாட்ஸ்அப், அச்சடித்த தாள் எல்லாமே நகல்தான். ஒரு மாதப் பழசான நல்ல பைல் கிடைத்தால், அதற்குப் பிந்திய ஒரு மாதத்தை ரொக்கப் புத்தகத்தைப் பார்த்து அடித்து முடித்துவிடலாம். பாழான பைலோடு மல்லுக்கட்டுவதை விட இது பல நேரம் சீக்கிரம் முடியும்.

முதல் வழி: லிப்ரெ ஆபிஸ்

எக்செல் திறக்க மறுத்த பைலை லிப்ரெ ஆபிஸ் என்ற மென்பொருள் பல சமயம் திறந்துவிடும். அதில் கணக்குத் தாளுக்கான பகுதிக்குப் பெயர் கால்க். இது கட்டற்ற மென்பொருள். அப்படியென்றால் காசு இல்லை, உரிமக் கட்டணம் இல்லை, எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம், அடுத்த கூட்டமைப்புக்கும் கொடுக்கலாம், எதுவுமே சட்டத்துக்கு விரோதம் இல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2000-ல் பொதுவில் விட்ட ஓப்பன் ஆபிஸில் இருந்து 2010-ல் பிரிந்து வளர்ந்தது இது. தமிழிலும் மெனு வைத்துக்கொள்ளலாம். எக்செல் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாது. லிப்ரெ ஆபிஸின் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்குங்க.

செய்முறை எளிது. கால்க்கைத் திறந்து, "பைல்" மெனுவில் "ஓப்பன்" போய், நகல் எடுத்த பைலைத் தேர்ந்தெடுங்க. பைல் பழுதாக இருக்கிறது, சரி செய்து பார்க்கவா என்று கேட்டால் "எஸ்" என்று சொல்லுங்க. திறந்ததும் எதையும் திருத்தாமல் உடனே புதுப் பெயரில் சேமியுங்க. பெயரிலேயே "மீட்டது" என்று போட்டு அன்றைய தேதியையும் சேர்த்து வையுங்க.

இரண்டாம் வழி: எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் வசதி

கூட்டமைப்பில் உரிமம் உள்ள எக்செல் இருந்தால் இதையும் செய்து பார்க்கலாம். "பைல்", பிறகு "ஓப்பன்", பிறகு "பிரவுஸ்" போங்க. பைலின் மேல் ஒரு முறை மட்டும் கிளிக் செய்யுங்க. கீழே "ஓப்பன்" பொத்தானுக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் வரும் பட்டியலில் கடைசிப் பக்கமாக "ஓப்பன் அண்ட் ரிப்பேர்" இருக்கும். அதில் முதலில் "ரிப்பேர்" கொடுங்க. சரி வராவிட்டால் மறுபடி அதே இடம் வந்து "எக்ஸ்ட்ராக்ட் டேட்டா" கொடுங்க. இரண்டாவது வழியில் கூட்டல் சூத்திரங்கள் போனாலும் எண்களாவது கைக்கு வரும்.

மூன்றாம் வழி: பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது

இரண்டு வழியும் பலிக்காதபோதுதான் இது. கொஞ்சம் பழகியவர்கள் செய்ய வேண்டியது. ஆனால் பைலுக்குள் என்ன இருக்கிறது என்று எல்லோரும் தெரிந்துகொண்டால் நல்லது.

எக்செல் 2007 முதல் வரும் பைல்களின் பெயர் "எக்ஸ்எல்எஸ்எக்ஸ்" என்று முடியும். இந்தப் பைல் உண்மையில் அழுத்திக் கட்டிய ஒரு பெட்டி. உள்ளே பல சின்ன நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நோட்டு. பெயர், ஊர் போன்ற எழுத்துகளுக்குப் பொதுவாகத் தனியாக ஒரு நோட்டு. எந்த நோட்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் பெட்டியின் கடைசியில் இருக்கும். எழுதும்போது கரண்ட் போனால் கடைசியில் இருக்கும் பட்டியல்தான் முதலில் அடிபடும். அதனால் எக்செல் "திறக்க முடியாது" என்று சொன்னாலும் உள்ளே நோட்டுகள் நல்லபடியாகவே இருக்கலாம்.

7-ஜிப் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருளைக் கொண்டு இந்தப் பெட்டியைத் திறக்கலாம். பைலின் மேல் வலது கிளிக் செய்து 7-ஜிப்பில் "ஓப்பன் ஆர்கைவ்" கொடுத்தால் உள்ளே "எக்ஸ்எல்" என்ற போல்டரும், அதற்குள் "ஒர்க்ஷீட்ஸ்" என்ற போல்டரும் தெரியும். தாள்கள் அதில்தான் இருக்கின்றன. வெளியே எடுத்து நோட்பேடில் திறந்தால், குறியீடுகளுக்கு நடுவே நம்ம எண்களைப் பார்க்கலாம்.

இங்கே முக்கியமான ஒரு சங்கதி. தாள் நோட்டில் உறுப்பினர் பெயர் பெரும்பாலும் இருக்காது. எழுத்து நோட்டில் அந்தப் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்ற எண் மட்டும்தான் இருக்கும். அதனால் எழுத்து நோட்டு அடிபட்டால், தொகை எல்லாம் சரியாக இருக்க, பெயர்கள் மட்டும் காணாமல் போகும். அப்படிப்பட்ட பைலில் பெயரை ஞாபகத்தில் இருந்து அடிக்கக் கூடாது. கடன் பேரேட்டை வைத்துக்கொண்டு வரிசை எண் பார்த்து, தொகை பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.

பழைய "எக்ஸ்எல்எஸ்" பைல்கள் இந்த மாதிரிப் பெட்டி இல்லை. அவற்றுக்கு இந்த வழி பொருந்தாது. முதல் இரண்டு வழிகள்தான்.

பைலே அழிந்து போயிருந்தால்

தவறி அழித்த பைலுக்கும், பார்மேட் ஆன பென் டிரைவுக்கும் போட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. பெயரில் போட்டோ என்று இருந்தாலும் எக்செல் பைல்களையும் தேடி எடுக்கும். இரண்டு விஷயம் நினைவில் வையுங்க. எடுத்த பைல்களை அதே பென் டிரைவில் சேமிக்கக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும். பைலின் பழைய பெயர் திரும்பி வராது, ஏதோ எண்ணாகத்தான் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் நம்முடையதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"இலவசம்" என்ற பெயரில் வரும் வலை

இணையத்தில் தேடினால் "இலவசமாக பைல் சரி செய்து தருகிறோம்" என்று நிறைய வரும். மூன்று வகையில் உஷாராக இருங்க.

- சில மென்பொருள் இலவசமாக இறங்கும், பைலைச் சரி செய்தது போலத் திரையில் காட்டும். சேமிக்கப் போனால் பணம் கட்டச் சொல்லும். இது இலவசம் இல்லை, மாதிரிக் காட்சி.

- சில இணையதளங்கள் பைலை ஏற்றச் சொல்லும். நம்ம பைலில் உறுப்பினர் பெயர், வங்கிக் கணக்கு எண், சில சமயம் ஆதார் எண், போன் எண் எல்லாம் இருக்கும். முகம் தெரியாத இடத்துக்கு அதைக் கொடுக்கக் கூடாது. நூறு பெண்களின் விவரத்தைக் கொடுக்க கணக்காளருக்கோ தலைவிக்கோ உரிமை கிடையாது.

- பூட்டு உடைத்த திருட்டு மென்பொருளை "நான் போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்க. அதோடு சேர்ந்து வைரஸும் வரும்.

கடையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கூட்டமைப்பிலிருந்து ஒருவர் கூடவே உட்கார்ந்து, வேலை முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள நகலை அழித்துவிட்டு வர வேண்டும்.

மீட்ட பைலை அப்படியே நம்பலாமா?

கூடாது. பைல் திறந்துவிட்டது என்பது பாதி வேலைதான். சரி செய்யும் மென்பொருள், படிக்க முடியாத பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும். விட்டுப் போனது எது என்று நமக்குத் தெளிவாகச் சொல்லாது. சரிபார்ப்பை மூன்று படியாகச் செய்யுங்க.

முதல் படி, தலை எண்ணிக்கை. குழுக்கள் எத்தனை, ஒவ்வொரு குழுவிலும் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்க. 12 பேர் குழுவில் 11 வரி இருந்தால் ஒருவர் விட்டுப் போயிருக்கிறார்.

இரண்டாம் படி, இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பது. உதாரணத்துக்கு ஒரு குழுவின் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

குழு கொடுக்க வேண்டியதும் குழுவின் உபரியும்:
உறுப்பினர் சேமிப்பு 96,000
வங்கிக் கடன் நிலுவை 1,50,000
சேர்ந்த உபரி 24,000
மொத்தம் 2,70,000

குழுவிடம் உள்ளதும் வர வேண்டியதும்:
உறுப்பினர்களிடம் கடன் நிலுவை 2,31,000
வங்கி இருப்பு 37,500
கையிருப்பு 1,500
மொத்தம் 2,70,000

மீட்ட பைலில் கடன் நிலுவை 2,21,000 என்று வந்தால் இரண்டாவது மொத்தம் 2,60,000 ஆகிவிடும். 10,000 ரூபாய் எங்கேயோ விட்டுப் போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். மொத்தத்தைக் கம்ப்யூட்டர் காட்டுவதை நம்பாமல், கால்குலேட்டரில் ஒரு முறை கூட்டிப் பாருங்க. பாழான பைலில் பழைய மொத்தம் அப்படியே தங்கியிருக்கலாம்.

மூன்றாம் படி, பாஸ்புக்கோடு ஒப்பிடுவது. மொத்தம் சரியாக வந்தாலும், ஒருவர் தொகை இன்னொருவர் பெயரில் மாறியிருந்தால் கூட்டல் அதைக் காட்டாது. 20,000 ரூபாய் கடன் வாங்கி, 1,000 ரூபாய் வீதம் 8 தவணை அசல் கட்டிய உறுப்பினருக்கு நிலுவை 12,000 இருக்க வேண்டும். பைலில் 14,000 என்று இருந்தால், கட்டிய 2 தவணை காணாமல் போயிருக்கிறது, அல்லது அது இரண்டு மாதப் பழைய பைல். இதைக் கண்டுபிடிக்கக் கூடியவர் அந்த உறுப்பினர் மட்டும்தான். அதனால் குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவர் சேமிப்பையும் நிலுவையையும் உரக்கப் படிக்க வேண்டும். அவரவர் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு "சரி" அல்லது "சரியில்லை" என்று சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் உதவலாம். சரிபார்த்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்க.

பைலும் பேரேடும் பாஸ்புக்கும் மூன்று விதமாகச் சொன்னால், ரசீதையும் ரொக்கப் புத்தகத்தையும் பார்த்து முடிவு செய்யுங்க. "கம்ப்யூட்டர் சொல்லுது" என்பதற்காக எந்த உறுப்பினரும் கட்டிய பணத்தை இன்னொரு தடவை கட்ட வேண்டியதில்லை.

வங்கிக் கணக்கு எண்களைத் தனியாகப் பாருங்க. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும். அதற்கு மேல் இருந்தால் 16-ஆவது இலக்கம் முதல் பூஜ்யமாக மாற்றிவிடும். எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். அதனால் கணக்கு எண் கட்டத்தை எப்போதும் "டெக்ஸ்ட்" என்ற வடிவத்தில் வையுங்க.

இனி நடக்காமல் இருக்க

1. வாரம் ஒரு நாள் குறித்து, கணக்கு பைலைத் தேதி போட்ட புதுப் பெயரில் நகல் எடுங்க. பழைய நகலின் மேலேயே எழுதாதீங்க.

2. மூன்று நகல் இருக்கட்டும். ஒன்று அலுவலகக் கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று அலுவலகத்துக்கு வெளியே பொறுப்பான ஒருவரிடம்.

3. லிப்ரெ ஆபிஸில் "டூல்ஸ்", "ஆப்ஷன்ஸ்", "லோட்/சேவ்", "ஜெனரல்" போய், எப்போதும் காப்பு நகல் எடுக்கும் வசதியை டிக் செய்யுங்க. தானாகச் சேமிக்கும் நேரத்தை 5 நிமிடமாகக் குறையுங்க.

4. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலை அச்சடித்து, தலைவியும் கணக்காளரும் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வையுங்க.

5. பேரேடு எழுதுவதை நிறுத்தாதீங்க. கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று பேரேட்டை மூடிய இடத்தில், பைல் போனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இருக்காது.

குழுக் கூட்டத்தில் பேச சில கேள்விகள்

- நம்ம கூட்டமைப்பின் கணக்கு பைலுக்கு எத்தனை நகல் இருக்கிறது? கடைசி நகல் எந்தத் தேதியில் எடுத்தது?

- பாஸ்புக்கில் கடைசிப் பதிவு எப்போது? எல்லோருடைய பாஸ்புக்கும் இன்றைய தேதி வரை எழுதியிருக்கிறதா?

- கணக்காளரைத் தவிர பைலைத் திறக்கத் தெரிந்த இன்னொருவர் நம்மிடம் இருக்கிறாரா? இல்லையென்றால் யாரைப் பழக்கலாம்?

செய்து பார்க்க ஒரு பயிற்சி: அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன், கணக்காளர் நல்ல பைலின் ஒரு நகலை லிப்ரெ ஆபிஸில் திறந்து காட்டட்டும். அதில் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன மூன்று படி சரிபார்ப்பையும் எல்லோருமாகச் செய்து பாருங்க. பைல் நன்றாக இருக்கும்போதே ஒரு முறை பழகிவிட்டால், அவசரம் வரும் நாளில் கை நடுங்காது.